சோடியம் நைட்ரைட், 500 கிராம் குப்பி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் கல்லூரியின் கரிம வேதியியல் ஆய்வகத்துக்காக வாங்கிய 500 கிராம் சோடியம் நைட்ரைட் குப்பியை, இளங்கலை மாணவர்களின் டையசோ ஆக்கல் சோதனைக்கு (அனிலீனைச் சாயம் தரும் டையசோ சேர்மமாக மாற்றும் சோதனை) ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். உப்பு தரமானது, அதை அடைத்து வந்த குப்பிதான் தரமாக இல்லை.

திறந்த அன்று படிகங்கள் இளமஞ்சள் சாயலுடன் வெண்மையாக, கரண்டியிலிருந்து சர்க்கரைபோல் உதிர்ந்தன. அந்த மஞ்சள் இந்த உப்புக்கு இயல்பானதே. அதை மாசு என்று எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. 2 மில்லி அனிலீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டித் தொட்டியில் 5 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டு, சுமார் 1.5 கிராம் உப்பின் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்தபோது, கணக்குப்படி முடிய வேண்டிய இடத்திலேயே உப்பும் அமிலமும் சேர்ந்து தரும் நைட்ரஸ் அமிலம் மிஞ்சுவதைக் காட்டும் ஸ்டார்ச் அயோடைடு தாள் கருநீலமானது. மிஞ்சிய நைட்ரஸ் அமிலத்தைச் சிறிது யூரியாவால் நீக்கிவிட்டு, காரத்தில் கரைத்த பீட்டா நாப்தாலில் ஊற்றியதும் ஆரஞ்சுச் சிவப்புச் சாயம் பீக்கர் முழுதும் திரண்டது. பீட்டர் கிரீஸ் 1858இல் கண்டறிந்த டையசோ சேர்மங்களிலிருந்து பிறக்கும் இந்த நிறத்தை முதன்முறை பார்க்கும் மாணவர்களின் முகத்துக்காகவே இச்சோதனையை நான் விரும்பி நடத்துகிறேன்.

மழைக்காலம் வந்ததும் குறை தெரிந்தது. மூடியின் உட்புறத் தகடு மெல்லியதாக இருந்ததால் ஈரம் புகுந்து, மேலடுக்கு இறுகிக் கட்டியாகிவிட்டது. சோடியம் நைட்ரைட் ஈரத்தை இழுப்பதோடு, காற்றுப்பட்டால் மெல்ல நைட்ரேட்டாகவும் மாறும். எனவே தராசு காட்டும் எடை முழுவதும் நைட்ரைட் என்று நம்ப முடியாது. அதே சோதனைக்கு ஏறத்தாழ 1.7 கிராம் சேர்த்த பிறகே தாள் நிறம் மாறியது.

குப்பியின் சீட்டில் ஆக்ஸிஜனேற்றி, நச்சு என்னும் குறியீடுகள் உள்ளன. ஆனால் அம்மோனியம் உப்புகளோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பது பொடி எழுத்தில் ஒதுங்கியிருக்கிறது. நீர்க்கரைசலில் அம்மோனியம் குளோரைடுடன் சூடாக்கினால் நைட்ரஜன் தரும் இவ்வுப்பு, உலர்ந்த நிலையில் அதனோடு கலந்து சூடேறினால் வெடிக்கக்கூடும் என்பதால், அவ்வரி பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும். அமிலம் பட்டால் நச்சான பழுப்புப் புகை வரும். புகைப்போக்கிப் பெட்டி இல்லாத ஆய்வகம் இதை வாங்கவே வேண்டாம்.

உடலுக்குள் சென்றால் ஹீமோகுளோபினை மெத்தீமோகுளோபினாக்கி, இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். பார்ப்பதற்கு இது சமையலுப்பு போலவே இருக்கிறது. இறைச்சி பதப்படுத்துவதற்கான நைட்ரைட் கலந்த உப்புக்கு இளஞ்சிவப்பு நிறமேற்றுவதே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். ஆய்வகக் குப்பியில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன், அம்மூன்றும் உப்புக்கே. அடுத்த முறை 100 கிராம் குப்பிகளாகவே வாங்குவேன். மீதமுள்ளதை இறுக்கமான மூடியுள்ள பழுப்புக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, அமிலங்களும் அம்மோனியம் உப்புகளும் இல்லாத இரும்பு அலமாரியில் பூட்டி, எடுக்கும் ஒவ்வொரு கிராமையும் பதிவேட்டில் எழுதி வருகிறோம்.