மாடல் ரயில் கட்டிடங்களுக்கு உள்விளக்கு: மூன்று வகை வாங்கி எரித்துப் பார்த்ததில்

என் அப்பா மானாமதுரை – ராமேஸ்வரம் லைனில் ஏ.எஸ்.எம்., அதாவது உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். 1980-களின் நடுவில் நாங்கள் குடியிருந்த ஒரு சின்ன ஸ்டேஷனை எச்.ஓ. அளவில், அதாவது அசலில் 87-ல் ஒரு பங்காக, மாடியறையில் கட்டி வருகிறேன். அந்த லைன் 2007-ல் அகலப்பாதை ஆகிவிட்டது. என் மாடியில் இன்னும் மீட்டர்கேஜ்தான், தண்டவாள இடைவெளி 12 மி.மீ. ஸ்டேஷன், லாம்ப் ரூம் (மண்ணெண்ணெய் விளக்குகள் வைக்கும் அறை), கூட்ஸ் ஷெட், எங்கள் குவார்ட்டர்ஸ் எல்லாம் 3 மி.மீ. சன்போர்டில் (லேசான வெள்ளை பி.வி.சி. நுரைப் பலகை) நானே வெட்டி ஒட்டியவை. உள்ளே விளக்குப் போட மூன்று வகை வாங்கி ஏழெட்டு மாதமாக எரித்துப் பார்த்துவிட்டேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது எல்லோரும் வாங்குகிற 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 5 மீட்டர் சுருள் 280 ரூபாய்க்குக் கிடைத்தது. மீட்டருக்கு 60 எல்.இ.டி. மூன்று மூன்றாகத்தான் வெட்ட முடியும், ஒரு துண்டு 5 செ.மீ. வரும். டேப்பை உரித்துக் கூரைக்கு அடியில் ஒட்டி, இரண்டு ஒயரை ஈயத்தால் பற்றவைத்தால் வேலை முடிந்தது. கரன்ட் கொடுத்ததும் ஸ்டேஷன் முழுக்க ஒரே வெளிச்சம். புக்கிங் ஆபீஸ், வெயிட்டிங் ஹால், மாஸ்டர் ரூம் எல்லாம் புதிதாகத் திறந்த நகைக்கடை போல ஜொலித்தன. அதைவிட மோசம், சுவரே ஒளிர்ந்தது. சன்போர்டு பார்க்கத்தான் கெட்டி, வெளிச்சத்தை மறைக்காது. ஒட்டிய மூலைகளில் எல்லாம் வெள்ளைக் கோடு ஓடியது.

சுவர் விஷயத்துக்கு ஒரே மருந்து, விளக்கு வைப்பதற்கு முன்பே உள்பக்கம் கறுப்பு அக்ரிலிக் இரண்டு கோட் அடிப்பது. அது காய்ந்த பிறகு மேலே கிரீம் கலரோ வெள்ளையோ. கூரை உட்காரும் விளிம்புக்கும் கறுப்பு அடிக்க வேண்டும், அங்கேதான் அதிகமாகக் கசியும். நான் கட்டிடத்தை ஒட்டி முடித்தபின் அடித்தேன், தூரிகை போகாத மூலைகளுக்குக் கறுப்புச் சார்ட் அட்டையை மடித்துச் செருக வேண்டியதாயிற்று.

வெளிச்சத்தைக் குறைக்க ஸ்ட்ரிப்போடு விற்கிற சின்ன டிம்மரை வாங்காதீர்கள். அது விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான் குறைக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, செல்போனில் வீடியோ எடுத்தால் கோடு கோடாக ஓடும். அதற்குப் பதில் எல்.எம். 2596 என்று கேட்டால் ஒரு வோல்டேஜ் குறைக்கும் போர்டு தருவார்கள், நூறு ரூபாய்க்குள்தான். அதில் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். 12-லிருந்து 9 வோல்ட்டுக்கு இறக்கினாலே ஸ்ட்ரிப் நன்றாக மங்கிவிடும். மூன்று எல்.இ.டி. தொடராக இருப்பதால் அவை எரியவே எட்டரை வோல்ட் பக்கம் தேவை. அதனால் கடைசி ஒரு வோல்ட்டில் மெதுவாகத் திருப்பினால் வேண்டிய மங்கலுக்கு வரும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பிராட்பேண்ட் ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் இதற்குப் போதும்.

ஆக ஸ்ட்ரிப் மோசமான பொருள் இல்லை. பெரிய ஒற்றை அறைக்கு, வெயிட்டிங் ஹாலுக்கு, இன்றும் அதுதான் வைத்திருக்கிறேன். ஆனால் அறை அறையாக வித்தியாசம் காட்ட அதனால் முடியாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: மே மாத வெயிலில் டேப் விட்டுத் தொங்கியது. இரு முனையிலும் ஹாட் குளூ ஒரு சொட்டு வையுங்கள்.

அடுத்து, ஒயர் ஏற்கெனவே பற்றவைத்து வருகிற 0603 சிப் எல்.இ.டி. 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம், கடுகை விடச் சின்னது. தலைமுடி மாதிரி எனாமல் ஒயர் இரண்டு, அதோடு பாக்கெட்டில் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரும் தருகிறார்கள். விலை அதிகம், பத்து 350 ரூபாய். ஆன்லைனில் மஞ்சள் வெளிச்சம் என்று வாங்கிய ஒரு பாக்கெட்டில் மூன்று பளீர் வெள்ளையாக இருந்தன, மாற்றித் தரவில்லை. அதிலிருந்து கூரையை மூடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரின் டயோடு நிலையில் தொட்டுப் பார்க்கிறேன். லேசாக மின்னும், நிறம் தெரிந்துவிடும்.

கூட வரும் 1 கே (ஆயிரம் ஓம்) ரெசிஸ்டரைப் போட்டால் 12 வோல்ட்டில் 9 மில்லியாம்ப் ஓடும். ஒரு தீப்பெட்டி அளவு அறைக்கு அது மிக அதிகம். நான் 4.7 கே போடுகிறேன், 2 மில்லியாம்ப்புக்குக் கொஞ்சம் குறைவு. லாம்ப் ரூமுக்கு 22 கே. இருட்டில் பார்த்தால் அதுவே தாராளம். ரெசிஸ்டர் ஒன்று ஒரு ரூபாய்கூட இல்லை, நாலைந்து மதிப்பில் வாங்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பாருங்கள்.

இனி நிறம். வெளிநாட்டு ஆட்கள் எல்லோரும் வீட்டுக்குள் மஞ்சள்தான் என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஸ்டேஷனில் மாஸ்டர் ரூம் என்றால் டியூப் லைட்தான். ஒற்றை லைனில் ரயிலுக்கு அனுமதி டோக்கன் தரும் நீல்ஸ் கருவியின் சிவப்பு டப்பா, அப்பாவின் மேஜை, டிரெயின் ரிஜிஸ்டர் எல்லாவற்றின் மீதும் நீலம் கலந்த வெள்ளை விழும். அதை மஞ்சளில் போட்டபோது அந்த அறை என்னுடையதாகவே இல்லை. நாலடி டியூப் 87-ல் ஒரு பங்கானால் 14 மி.மீ. பழைய காது குடையும் பஞ்சுக்குச்சியின் வெள்ளைப் பிளாஸ்டிக் தண்டை அந்த நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் ஒரு வெள்ளை 0603-ஐ உள்பக்கம் பார்க்கச் செருகினேன். தண்டு முழுக்க ஒரே சீராக ஒளிர்கிறது, நடுவில் மட்டும் துளி மங்கல். அசல் டியூப்பை விடப் பருமன்தான், ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது தெரியாது. 2022 ஜூலையில் பிளாஸ்டிக் குச்சிக்குத் தடை வந்துவிட்டது, இப்போது வருவது காகிதம். வீட்டில் பழைய டப்பா இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, கிரெய்ன் ஆஃப் வீட் பல்பு. கோதுமை மணி அளவில் இழை உள்ள நிஜ பல்பு. சூடாகும், ஒன்றே 50, 60 மில்லியாம்ப் இழுக்கும், ஒருநாள் ஃபியூஸ் ஆகும். இந்தக் காலத்தில் இதை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரரே கேட்டார். ஆனால் குவார்ட்டர்ஸ் சமையலறைக்கு இதற்கு ஈடு இல்லை. அந்தக் காலத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு லோ வோல்டேஜ் வந்து குண்டு பல்பு சிவந்து நிற்குமே, அம்மா அந்த வெளிச்சத்தில்தான் அரிசி களைவாள். 12 வோல்ட் பல்பை 8 வோல்ட்டில் எரித்தால் அதே நிறம் அப்படியே வருகிறது. எல்.இ.டி.யை எவ்வளவு குறைத்தாலும் மங்குமே தவிரச் சிவக்காது. குறைந்த வோல்ட்டில் சூடும் குறைவு, ஆயுளும் கூடுதல். இருந்தாலும் சன்போர்டில் படாமல் தொங்கவிட்டு, கூரையைக் கழற்றும்படி வைத்திருக்கிறேன்.

லாம்ப் ரூமுக்கு ஆடும் தீபம் மாதிரி மின்னும் எல்.இ.டி. போடச் சொன்னார்கள். வேண்டாம். சிம்னிக்குள் இருக்கும் அரிக்கேன் திரி அசையாமல்தான் எரியும். மஞ்சள் 0603 மீது டாமியா கம்பெனியின் கிளியர் ஆரஞ்ச் பெயிண்ட் ஒரு பூச்சு பூசினேன், சரியாக வந்தது.

ஈயம் பற்றவைக்கத் தயங்குபவர்களுக்கு வுட்லேண்ட் சீனிக்ஸ் கம்பெனியின் ஜஸ்ட் பிளக் என்ற, செருகினாலே எரியும் விளக்கு செட் இருக்கிறது. நண்பர் வீட்டில் பார்த்தேன். ஒரு ஹப்பில் நான்கு விளக்கைச் செருகலாம், ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் தனித்தனியே திருகிக் குறைக்கலாம். இங்கே இறக்குமதி விலை, எட்டு அறைக்கு மேல் போட வேண்டியிருந்ததால் எனக்குக் கட்டுப்படியாகாது. நாலு கட்டிடத்தோடு நிறுத்துபவர்கள் யோசிக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு வகை வாங்குவதானால் 0603 வாங்குங்கள், பாதி மஞ்சள், பாதி வெள்ளை. எல்லா அறைக்கும் போடாதீர்கள். என் ஸ்டேஷனில் லேடீஸ் வெயிட்டிங் ரூம் இருட்டு, அது எப்போதும் பூட்டியே இருக்கும். கூட்ஸ் ஷெட்டுக்கு ஒயரே இழுக்கவில்லை. அங்கே அப்போது கரன்ட் கிடையாது, ராத்திரியில் பாயிண்ட்ஸ்மேன் கைவிளக்கோடுதான் போவார்.