இலவச எலும்புப் பரிசோதனை எண்டு வாறவை: போத்தலைத் திருப்பிப் பாருங்கோ

எலும்புக்கு எண்டு குளிசைப் போத்தல் விக்கிறவை, பொதுநோக்கு மண்டபத்தில இலவசப் பரிசோதனை எண்டு முதியோர் சங்கத்துக்குச் சொல்லிப்போட்டு வருகினம். உலோகக் கம்பி ஒண்டைக் கையில பிடிக்கக் குடுத்து, மடிக்கணினியில சிவப்புக் கோடு காட்டி, "எலும்பு பாதி கரைஞ்சு போச்சு அம்மா" எண்டு சொன்னால் ஆர்தான் பயப்படாமல் இருப்பினம்? மல்லாவிப் பக்கம் ஓர் அம்மா, பிள்ளை அனுப்பின காசில 9,000 ரூபாய் குடுத்து ரெண்டு போத்தல் வாங்கியிருக்கிறா.

கையில பிடிக்கிற கம்பி எலும்பை அளக்காது. எலும்பு அடர்த்தியை டெக்சா ஸ்கேன் எண்ட ஒருவகை எக்ஸ்ரேயில, இடுப்பிலயும் முள்ளந்தண்டிலயும்தான் பாக்கிறது.

முதல் போத்தலின்ர முன்பக்கம் "கல்சியம் 1000 மி.கி." எண்டு கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில கல்சியம் லக்டேட் 500 மி.கி., ஒரு வேளைக்கு ரெண்டு குளிசை. லக்டேட்டில உண்மையான கல்சியம் 13 வீதம்தான். ஆக, 1000க்கு 130 மி.கி. ஒரு கோப்பைப் பசுப்பாலில இதைவிடக் கூட இருக்கு. கல்சியம் காபனேட் எண்டால் 40 வீதம்: 1250 மி.கி. குளிசையில 500. அதைச் சாப்பாட்டோட போடவேணும், ஒருமிக்க 500க்கு மேல வேண்டாம். 50 தாண்டின பெண்ணுக்குச் சாப்பாட்டில வாறதும் சேர்த்து நாளுக்கு 1200 மி.கி. போதும். குரக்கன், தயிர், நெத்தலிக் கருவாடு புழங்கிற வீட்டில அதில நல்ல பங்கு சட்டியிலயே இருக்கு.

இது காசு நட்டம். ரெண்டாவது போத்தல்தான் ஆபத்து: வைட்டமின் டி 60,000 அலகு கப்சியூல், "ஒவ்வொரு நாளும் ஒண்டு". குறைபாடு உள்ளவைக்கு வைத்தியர் கிழமைக்கு ஒண்டு எண்டு, குறிச்ச காலத்துக்கு எழுதிற மருந்து அது. 70 தாண்டினவைக்கு நாளாந்தத் தேவை 800 அலகு. நாள்தோறும் 60,000 போட்டுக்கொண்டு வந்தால் ரத்தத்தில கல்சியம் ஏறி ஓங்காளம், மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சலம், மாறாட்டம் வரும். வயசு போனால் இப்பிடித்தான் எண்டு வீட்டில விட்டிடுவினம், அதுக்குள்ள சிறுநீரகம் பழுதாகும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிற வவுனியா ஊர்களிலயும் ஒண்டும் விசாரிக்காமல் இதை விக்கிறது கொடுமை. தைரொயிட்டுக்குத் தைரொக்சின் குளிசை போடுறவை கல்சியத்துக்கு 4 மணித்தியாலம் இடைவெளி விடவேணும் எண்டுகூட ஆரும் சொல்லேல்லை.

வாங்கியிருந்தால் அந்தக் கப்சியூலை உடன நிப்பாட்டி, ரெண்டு போத்தலையும் கிளினிக் கொப்பியோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ரத்தத்தில கல்சியமும், சிறுநீரகம் எப்பிடி எண்டு காட்டிற கிரியாட்டினினும் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. பில் கேட்டால் வெறுந்தாளில தொகையை மட்டும் எழுதிக் குடுக்கினம். அந்தத் தாளையும் லேபிளில இருக்கிற தொகுதி இலக்கத்தையும் படமெடுத்து வச்சுக்கொண்டு, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின்ர 1977 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கோ.