மதிப்பெண்ணா, திருத்தமா, கேள்வியா: நண்பர் எடுத்த படத்துக்கு எப்படிக் கருத்துச் சொல்வது?

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் படங்களைக் காட்டும்போது வரும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ‘செம கிளிக் அண்ணா’ என்பது ஒன்று. ‘கொஞ்சம் ஷார்ப்பா இல்லையே’ என்பது இன்னொன்று. இரண்டில் எதைக் கேட்டாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும்போது எதை மாற்றிச் செய்யவேண்டும் என்பது எடுத்தவருக்குத் தெரியப்போவதில்லை. அது தெரிந்தால்தான் சொன்ன கருத்துக்குப் பயன் உண்டு. போட்டோ கிளப்புகளிலும் நண்பர் குழுக்களிலும் புழங்கும் மூன்று வழிகளை இந்த ஒரே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்: மதிப்பெண் போடுவது, நேரடியாகத் திருத்துவது, கேள்வி கேட்பது.

மூன்றுக்கும் ஒரே படத்தை வைத்துக்கொள்வோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை. மீன் ஏலம் விடும் ஒரு பெண் கையை உயர்த்திக் கூவுகிறார். முகம் தெளிவாக இருக்கிறது, விரல்கள் கலங்கியிருக்கின்றன. அவர் தலைக்குப் பின்னால் ஒரு விளக்கு வெள்ளையாக வெடித்து நிற்கிறது. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு ஆள். சென்னையில் போட்டோவாக் (குழுவாக நடந்து படமெடுப்பது) போகிற யாரிடமும் இப்படி ஒரு படம் இருக்கும்.

மதிப்பெண்

1950இல் தொடங்கிய சர்வதேச ஒளிப்படக் கூட்டமைப்பான ஃபியாப், 1934இல் தொடங்கிய அமெரிக்க ஒளிப்படச் சங்கமான பிஎஸ்ஏ போன்ற அமைப்புகளின் அங்கீகாரத்தோடு உலகம் முழுக்க சலோன் எனப்படும் ஒளிப்படப் போட்டிகள் நடக்கின்றன. பெரும்பாலும் மூன்று நடுவர்கள். ஒரு படத்துக்குச் சில விநாடிகள். கிளப் கூட்டங்களின் மாதப் போட்டிகளும் இதே முறையைப் பின்பற்றுகின்றன. இதில் ஒரு நேர்மை இருக்கிறது: எடுத்தவர் பெயர் நடுவருக்குத் தெரியாது. நண்பர், மூத்தவர், கேமரா விலை எதுவும் குறுக்கே வராது. நூறு படங்களுக்கு நடுவே நம் படம் எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் நம் காசிமேடு படம் 30க்கு 17 வாங்கினால், எடுத்தவர் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வார்? விரல் கலங்கியதா, விளக்கா, ஓரத்து ஆளா? எண்ணுக்குள் அதெல்லாம் இல்லை. இன்னொரு தீங்கும் உண்டு. எந்த மாதிரிப் படத்துக்கு மதிப்பெண் விழுகிறது என்று புரிந்தவுடன் எல்லோரும் அதையே எடுக்கத் தொடங்குகிறார்கள்: பனியில் ஒற்றைப் படகு, தலைப்பாகை கட்டிய தாத்தா முகத்தில் பீடிப் புகை. போட்டிக்கு மதிப்பெண் தேவை. கற்றுக்கொடுக்க அது போதாது.

திருத்தம்

அனுபவம் உள்ளவர் படத்தைப் பார்த்து ‘இதை இப்படி மாற்று’ என்று சொல்வது. நம் ஊரில் பெரும்பாலானோர் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள், எனக்கும் இதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் திருத்தம் சரியாக வேலை செய்ய, குறையைக் காரணத்தோடு சொல்லவேண்டும். பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

‘ஷார்ப்பா இல்லை’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு குறைகள் இருக்கின்றன. படம் முழுவதும், நகராத சுவர்கூட, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து கை மட்டும் கலங்கியிருந்தால், ஆள் நகர்ந்த வேகத்துக்கு ஷட்டர் திறந்து மூடும் வேகம் போதவில்லை. எடுக்க நினைத்த முகம் மங்கி, பின்னால் இருக்கும் கூடை பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. முதல் குறைக்குக் கேமராவை ஆடாமல் பிடிக்கவேண்டும் அல்லது எதிலாவது சாய்த்துக்கொள்ளவேண்டும். இரண்டாவதற்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டவேண்டும். மூன்றாவதற்கு ஃபோகஸ் புள்ளியை நாமே தேர்ந்தெடுக்கவேண்டும். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவும் என்று சொல்லமுடியாது. ‘டிரைபாட் வாங்குப்பா’ என்ற அறிவுரையைக் கேட்டு டிரைபாடோடு காசிமேட்டுக்குப் போனாலும் அந்தப் பெண்ணின் விரல்கள் கலங்கத்தான் செய்யும்.

இந்தப் படத்தில் முகமும் பின்னணியும் தெளிவு, கை மட்டும் கலங்கல். ஆக இது இரண்டாவது வகை. படத்தோடு பதிவாகியிருக்கும் தகவலைத் திறந்து பார்த்தால் ஷட்டர் 1/30 விநாடி, ஐஎஸ்ஓ (கேமரா ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) 800 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சொல்லவேண்டியது: ‘கை அசைவு உறைந்து நிற்கணும்னா 1/250 பக்கம் போங்க. அது மூன்று ஸ்டாப், அதாவது ஒளி மூன்று முறை பாதியாகும். அபெர்ச்சரை (லென்ஸ் துளையை) மாற்றாமல் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றுங்க. நாய்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியா வரும், பரவாயில்லை.’ இதைக் கேட்டவருக்கு நாளை காலை என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். திருத்தத்தின் பலமே இந்த உடனடிப் பயன்தான்.

அதன் பலவீனமும் இதே இடத்தில் இருக்கிறது. விரல்கள் கலங்கினால் குறை என்று முடிவு செய்தது யார்? ஏலத்தின் வேகத்தைக் காட்டவே எடுத்தவர் 1/30 வைத்திருக்கலாம். திருத்துபவர் கேட்காமலே ‘நானாக இருந்தால்’ என்று தொடங்கினால், அங்கே உருவாவது அவருடைய படம். கிராப், அதாவது படத்தின் ஓரங்களை வெட்டும் விஷயத்தில் இது இன்னும் அதிகம். நண்பரின் படத்தை வாங்கி, நம் போனில் வெட்டித் திருப்பி அனுப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன். பழைய கிளப்புகளில் கறுப்பு அட்டையில் வெட்டிய இரண்டு ‘ட’ வடிவத் துண்டுகளைப் பிரிண்டின் மேல் வைத்து நகர்த்திப் பார்ப்பார்கள். அந்த அட்டைகளை எடுத்தவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இடது ஓரத்து ஆளை வெட்டினால் என்ன கிடைக்கிறது, எதை இழக்கிறோம் என்று அவர் கண்ணே கண்டுபிடிக்கும்.

கேள்வி

அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் ஒரு முறையை உருவாக்கினார். நடனத்துக்காகப் பிறந்த அது மற்ற கலைகளுக்கும் பரவியது. நான்கு படிகள். முதலில் பார்ப்பவர்கள் தங்களைத் தொட்டது எது, நினைவில் நின்றது எது என்று சொல்கிறார்கள். அடுத்து படைத்தவர் தனக்குச் சந்தேகம் இருக்கும் இடத்தைப் பற்றிக் கேட்கிறார். மூன்றாவதாக, பார்ப்பவர்கள் உள்ளே தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் ‘பின்னணி விளக்கைப் பற்றி ஒன்று சொல்லணும், சொல்லலாமா?’ என்று அனுமதி வாங்கிய பிறகு.

மூன்றாவது படிதான் கடினம். ‘ஏன் அந்த விளக்கை அப்படியே விட்டீங்க?’ என்பது கேள்வி போலத் தெரிந்தாலும் தீர்ப்புதான். ‘அந்த விளக்கு படத்துக்குள்ள என்ன செய்யணும்னு நினைச்சீங்க?’ என்பது உண்மையான கேள்வி. அதற்கு ‘நான் விளக்கைக் கவனிக்கவே இல்லை’ என்று பதில் வந்தால், அந்தப் பாடம் எடுத்தவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவர் அதை மறக்கமாட்டார்.

குறைகளும் உண்டு. நேரம் பிடிக்கும், பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஆளுக்கொரு படம் என்றாலே பொழுது போய்விடும். அப்புறம், புதியவர்களிடம் ‘என்ன நினைச்சு எடுத்தீங்க?’ என்று கேட்டால் ‘பார்க்க நல்லா இருந்துச்சு, எடுத்தேன்’ என்பதற்கு மேல் பதில் வராது. அது நியாயமான பதில்தான். ஷட்டர் வேகமே பிடிபடாதவரிடம் நோக்கத்தைப் பற்றி நான்கு கேள்வி கேட்பது அவரைத் தேர்வு அறையில் உட்கார வைப்பதற்குச் சமம். நம்மிடையே ‘நீங்க சீனியர், நீங்களே சொல்லுங்கண்ணா’ என்று ஒதுங்கும் பழக்கமும் இருக்கிறது. அதனாலேயே அனுமதி கேட்கும் நான்காவது படி நமக்கு அதிகம் தேவை என்று நினைக்கிறேன். மூத்தவர் அனுமதி கேட்கும்போது இளையவருக்கு முதல்முறையாக மறுத்துப் பேச இடம் கிடைக்கிறது.

என் தேர்வு

கேமரா வாங்கி ஓராண்டு ஆகாதவருக்குத் திருத்தம்தான் நல்லது. ஆனால் ஒரு படத்துக்கு ஒரே ஒரு குறை, அதுவும் அடுத்த முறை களத்தில் செய்து பார்க்கக்கூடியது. அதற்கு முன்னால், கேள்வி முறையின் முதல் படியைக் கடன் வாங்குங்கள்: ‘என் கண் முதலில் அந்த விளக்குக்குப் போச்சு, அப்புறம்தான் முகத்துக்கு வந்தது.’ இதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. தன் படம் இன்னொருவர் கண்ணில் எப்படி ஓடுகிறது என்பது எடுத்தவருக்கு வேறு எந்த வழியிலும் தெரியாது. கருவியைக் கையாளத் தெரிந்தவர்களிடம் முழுக்கவே கேள்வி முறை. மதிப்பெண், சலோனுக்கு அனுப்பப் படம் பொறுக்கும் நாளில் மட்டும்.

பறவைப் படங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம். வேடந்தாங்கல் நாரை ஒன்றின் முன்னால் ஒரு குச்சி குறுக்கே போனால், ‘அதை அழிச்சிடுங்க, பிரமாதமா இருக்கும்’ என்று சொல்லத் தோன்றும். ஃபியாப், பிஎஸ்ஏ, பிரிட்டனின் ராயல் ஒளிப்படச் சங்கமான ஆர்பிஎஸ் ஆகியவை 2015இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பொது வரையறைப்படி இயற்கைப் பிரிவில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. ஒன்றை விலக்கவேண்டும் என்றால் கிராப் மட்டும்தான் வழி. நம் பேச்சைக் கேட்டு அழித்து அனுப்பியவரின் படம் அங்கே தகுதி இழக்கும். அதனால் அந்தப் படத்தை எந்தப் பிரிவுக்கு அனுப்பப் போகிறார் என்பதை முதலில் கேளுங்கள். இயற்கைப் பிரிவு என்றால், அடுத்த முறை இரண்டு அடி தள்ளி நின்று அந்தக் குச்சி விலகும் கோணத்தைத் தேடச் சொல்லுங்கள்.