செம்மண்ணுல ஹெவி மெட்டல்: எந்தக் கணக்கு நம்ம ஊருக்கு ஒத்து வரும்?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் மண்ணு சாம்பிள் எடுத்து ஈயம், குரோமியம், காட்மியம்னு பாக்குற பிராஜெக்ட் பசங்க எல்லாருக்கும் வர்ற சந்தேகம் ஒன்னுதான், லேப்ல நம்பர் குடுத்துட்டாங்க, இத எந்த மெத்தட்ல போடுறது? மெத்தட் எதுவா இருந்தாலும் பேக்ரவுண்ட் வேல்யூவ, அதாவது மாசு படாத மண்ணுல இயற்கையா இருக்குற அளவ, மொதல்ல முடிவு பண்ணுங்கப்பா, நம்ம செம்புறாங்கல் பூமில பெரிய தப்பு அங்கதான் நடக்குது.

முல்லர் 1969ல சொன்ன ஜியோஅக்யுமுலேஷன் இன்டெக்ஸ், பேக்ரவுண்டவிட எவ்வளவு ஏறியிருக்குன்னு சொல்ற கணக்கு, ரொம்ப ஈசி. அளந்த அளவ பேக்ரவுண்டோட 1.5 மடங்கால வகுத்து, 2 அடிமானத்துல லாக் எடுத்தா முடிஞ்சது. பேக்ரவுண்டுக்கு நெறைய பேரு கண்ண மூடிக்கிட்டு போடுறது 1961ல டுரேகியனும் வெடபோலும் குடுத்த ஷேல் (களிமண் இறுகி ஆன பாறை) சராசரி, அதுல குரோமியம் கிலோவுக்கு 90 மில்லிகிராம். ஒரு புஞ்சைல 150 வந்துச்சுன்னு வச்சுக்குங்க, இன்டெக்ஸ் 0.15, லேசா மாசுன்னு வந்துரும். அதே மண்ணுல, ரோடு, பட்டறை எதுவும் அண்டாத எடத்துல ஆழமா தோண்டிப் பாத்து 140 இருந்தா? மைனஸ் 0.49, மாசே இல்ல. லேட்டரைட், அதான் நம்ம செம்புறாங்கல், உருவாகும்போது சிலிக்கா, கால்சியம் எல்லாம் மழைத்தண்ணில கரைஞ்சு போயி இரும்பும் அலுமினியமும் தங்கிருது, குரோமியமும் அதுகூடவே நின்னுக்குது, இதுக்கு ஃபேக்டரி மேல பழி போட முடியாது.

என்ரிச்மென்ட் ஃபேக்டர் இத சரி பண்ணும்னு சொல்லுவாங்க, ஏன்னா இரும்ப ரெஃபரன்ஸா வச்சு விகிதம் பாக்குது, சாம்பிள்ல உலோகத்த இரும்பால வகுத்து, அத பேக்ரவுண்டோட அதே விகிதத்தால வகுக்கணும். ஆனா நம்ம மண்ணுல அதே இரும்புதான் காலை வாரும். பட்டறை ஓரத்துல ஈயம் 60, இரும்பு 9 சதவீதம்னு வைங்க. ஷேல்ல ஈயம் 20, இரும்பு 4.72. ஈயம் மூணு மடங்கு ஏறியிருக்கு, ஆனா ஃபேக்டர் வர்றது 1.6தான், 2க்குக் கீழ, அதனால கவலை இல்லன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. இது எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கு, புள்ளைங்க வெளையாடுற மண்ணு அது. அதே ஊரு பேக்ரவுண்ட் ஈயம் 22, இரும்பும் 9ன்னு போட்டா 2.7 வரும், மாசு கண்ணுக்குத் தெரியும். ஆத்தங்குடி பக்கம் சாம்பிள் எடுத்தா டைல் பட்டறைல இருந்து தள்ளியே எடுங்க, செவப்பு கலருக்குப் போடுற இரும்பு ஆக்ஸைடு கலந்தா ரெஃபரன்ஸே கெட்டுரும்.

இதுங்க ரெண்டும் எவ்வளவு மாசுன்னு சொல்லும், எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லாது. அதுக்கு பிசிஏவும் (பிரின்சிபல் காம்பொனன்ட் அனாலிசிஸ், சேந்து ஏறி எறங்குற உலோகங்கள குரூப் பண்ற கணக்கு) பிஎம்எஃப்பும் (பாசிட்டிவ் மேட்ரிக்ஸ் ஃபேக்டரைசேஷன், ஒவ்வொரு மூலத்தோட பங்கையும் பிரிக்கிற கணக்கு). பிசிஏ சட்டுனு குரூப் பிரிச்சுக் குடுக்கும், குரோமியம், நிக்கல், இரும்பு ஒரு பக்கம் சேந்தா பாறையோடது, ஈயம், ஜிங்க், காப்பர் சேந்தா வண்டி, பட்டறைன்னு யோசிக்கலாம், டயர் தேஞ்சா ஜிங்க் வரும், 2000ல நிறுத்துற வரைக்கும் பெட்ரோல்ல இருந்த ஈயமும் ரோட்டோர மண்ணுல இன்னும் கெடக்கலாம். ஆனா லேப் குடுத்த நம்பர அப்புடியே போட்டா ஒரே ஒரு பட்டறை சாம்பிள் மொத்தப் படத்தையும் தன் பக்கம் இழுத்துரும், லாக் எடுத்துட்டுப் போடுங்க, முடிஞ்சா ஐட்சிசன் சொன்ன சிஎல்ஆர், அதாவது ஒவ்வொரு அளவையும் அந்த சாம்பிளோட பெருக்கல் சராசரியால வகுத்து லாக் எடுக்குறது. எந்த மூலத்துல இருந்து எத்தன மில்லிகிராம்னு மட்டும் பிசிஏ நேரடியா சொல்லாது, அதோட மைனஸ் வேற வரும்.

பிஎம்எஃப், 1994ல பாடெரோவும் டாப்பரும் கொண்டு வந்தது, மைனஸ விடாது, ஒவ்வொரு அளவுக்கும் அன்சர்டன்ட்டி (பிழை எவ்வளவு இருக்கலாம்னு) கேக்கும், பங்கையும் பிரிச்சுத் தரும். ஆனா எத்தன ஃபேக்டர், அதாவது எத்தன மூலம்னு நீங்கதான் சொல்லணும், நாலுன்னா நாலு குடுக்கும், அஞ்சுன்னா அஞ்சு குடுக்கும், பூட்ஸ்ட்ராப் (சாம்பிள மாத்தி மாத்தி எடுத்து திரும்பத் திரும்ப ஓட்டி அதே பதில் வருதான்னு பாக்குறது) பண்ணாம அத நம்பக்கூடாது. முப்பது சாம்பிள் வச்சிருக்கவங்களுக்கு என் ஓட்டு பிசிஏவுக்குத்தான், நூறத் தாண்டி, லேப் பிழை அளவும் கையில இருந்தா பிஎம்எஃப்.

சாம்பிள் எடுக்காத எடத்தோட அளவ கணிச்சு மேப் போட கிரிகிங்கா ஐடிடபிள்யூவான்னா (ஐடிடபிள்யூ பக்கத்து சாம்பிளுக்கு அதிக வெயிட் குடுக்கும்), சாம்பிள் கம்மின்னா கிரிகிங்குக்கு வேணும்கிற வேரியோகிராமே (தூரம் கூடக்கூட அளவு எவ்வளவு மாறுதுன்னு காட்டுற வரைபடம்) ஒழுங்கா அமையாது, ஐடிடபிள்யூ போதும்.

காட்மியம் மட்டும் தனி. காட்மியம் கலந்து வரக்கூடிய சூப்பர் பாஸ்பேட் உரம் போட்ட கம்மாய்ப் பாசன வயல்ல தேட வேண்டியதே அதத்தான், ஆனா பல சாம்பிள்ல டிடெக்ஷன் லிமிட்டுக்கு (லேப் மெஷின் கண்டுபிடிக்கக்கூடிய கொறஞ்ச அளவு) கீழ போயிரும். பிஎம்எஃப்ல லிமிட்ல பாதிய அளவாவும், அதே லிமிட்ல ஆறுல அஞ்சு பங்க அன்சர்டன்ட்டியாவும் குடுத்தா அந்த நம்பருக்கு வெயிட் தானா கொறையும். பிசிஏல அந்த வசதி இல்ல, பாதி சாம்பிளுக்கு மேல அப்படின்னா காட்மியத்த வெளிய எடுத்துட்டு ஓட்டுங்க, எடுத்தத ரிப்போர்ட்ல எழுதிருங்க.