சவுக்குச் சாரமா, இரும்புச் சாரமா? காற்றிலும் மழையிலும் எதை நம்பி ஏறுவது

மாடிச் சுவர் எடுக்கப் போகிறோம், ஏறி நின்று வேலை செய்யச் சவுக்குக் கம்பிலேயே சாரம் கட்டிவிடலாமா, இல்லை இரும்புக் குழாய் வாடகைக்கு எடுக்கணுமா என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் வேலை என்றுதான் முதலில் கேட்பேன். தை, மாசியில் இரண்டும் ஒன்றுதான். ஒழுங்காகக் கட்டினால் எதிலும் ஏறலாம். வித்தியாசம் தெரிவது ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போதும், ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடிக்கும்போதும்தான்.

மழையிலிருந்து தொடங்குகிறேன். சவுக்குச் சாரத்தின் உயிர் கயிற்றில் இருக்கிறது. தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் ஊறி இறுகும். மழைக்கு நடுவே முடிச்சை ஆட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். மறுநாள் வெயில் அடித்துக் காய்ந்ததும் அதே முடிச்சு தளர்ந்துவிடும். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு வீட்டில் இது என் கண்முன்னால் நடந்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு நல்ல வெயில், காலை பத்து மணி இருக்கும். சாந்துச் சட்டியை வாங்கக் குனிந்த கொத்தனாரின் காலடியில் குறுக்குக் கம்பு ஒரு விரற்கடை இறங்கியது. அவ்வளவுதான், பலகை சாய்ந்து, 10 அடி கீழே செங்கல் குவியலில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்து நாலு மாதம் கரண்டி பிடிக்கவில்லை. மேலே ஏறிப் பார்த்தேன். கயிறு அறுந்திருக்கவில்லை. கம்புக்கும் கயிற்றுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது.

அன்றிலிருந்து எனக்கு மழை நாளைவிட மழை விட்ட மறுநாள்தான் பயம். மழையில் எல்லோருமே கால் பார்த்து வைப்போம். வெயில் வந்ததும் விட்டுவிடுவோம். நைலான் கயிறு இப்படி ஊறிச் சுருங்காது, ஆனால் நனைந்த சவுக்குப் பட்டையில் வழுக்கும். இரண்டு சுற்று கூடுதலாகப் போட்டு, பட்டையைச் சீவிவிட்டுக் கட்ட வேண்டும்.

சவுக்கில் இன்னொரு சங்கடம். நம் ஊரில் பெரும்பாலும் ஒற்றை வரிசைச் சாரம்தான் கட்டுகிறோம். குறுக்குக் கம்பின் ஒரு முனை வெளிக்கம்பில், மறுமுனை சுவரில் விட்ட பொந்தில். நேற்று மாலை வைத்த சுவரில் ராத்திரி மழை இறங்கியிருந்தால் சாந்து கரைந்து பொந்தே உறுதியாக இருக்காது. அதன்மேல் நனைந்த செங்கலை அடுக்குகிறோம். ஒரு செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடத் தண்ணீர் குடிக்கும். 3 கிலோ கல் மூன்றரைக்கு மேல் போய்விடும். பலகையில் 100 கல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு ஆள் ஏறி நிற்கிற மாதிரி. அப்புறம், ஊறின கல் சாந்தில் உட்காராது, வழுக்கி மிதக்கும். அதில் அவசர அவசரமாக வேலை செய்தாலும் சுவர் நேராக வராது.

இரும்புச் சாரத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. இரட்டை வரிசையாகக் கட்டினால் சுவரை நம்பாமல் தன் காலிலேயே நிற்கும். குழாய்களைப் பிணைக்கிற கிளாம்பை முறுக்கிவிட்டால் மழையும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தக் கால்தான் அதன் பலவீனம். சவுக்கைக் குழி தோண்டி நடுகிறோம். இரும்பு ஒரு சின்னத் தகட்டில் நிற்கிறது. சங்கரன்கோவில் பக்கம் கரிசலில் ஒரு நல்ல மழை பெய்தால் அந்தத் தகடு ஒரு பக்கமாக அமுங்கும். அடியில் நீளப் பலகை போடாமல் இரும்புச் சாரம் எழுப்பவே கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளம் வடிந்த பிறகு தாமிரபரணிக் கரையோரம் ஒரு சாரத்தைப் பார்த்தேன். நிமிர்ந்து நிற்கிறது, இரண்டு காலுக்கு அடியில் மண்ணே இல்லை. மேலே மட்டும் பார்த்திருந்தால் ஏறியிருப்போம்.

மின்சாரத்தையும் சொல்லியாகணும். வீட்டை ஒட்டி ஈபி லைன் போனால், குழாயைத் தூக்கி நிறுத்தும்போது ஒரு முனை பட்டால் போதும், உயிர் போய்விடும். நனைந்த சவுக்கிலும் மின்சாரம் பாயும் என்பதை மறக்க வேண்டாம். இடிச் சத்தம் காதில் விழுந்தால் இரண்டிலிருந்தும் இறங்கி, கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் மேலே ஏற வேண்டாம்.

காற்று விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, இரும்புதான். வள்ளியூர், பணகுடிப் பக்கம் இரண்டாவது மாடிக்கு ஆடியில் சவுக்குச் சாரம் கட்டச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுவேன். இரும்பிலும் குறுக்கே சாய்வுக் குழாய் கொடுத்து, 12 அடிக்கு ஓர் இடத்திலாவது கட்டிடத்தோடு பிணைத்திருக்க வேண்டும். தூசிக்கும் சாரலுக்கும் என்று தார்ப்பாயைச் சாரத்திலேயே கட்டுகிறார்கள். காற்று அதில் முட்டினால் பாய்மரம் மாதிரி மொத்தச் சாரத்தையும் இழுக்கும். தார்ப்பாய் சுவர்த் தலையை மூடத்தான், அதுவும் கல் வைத்து அமுக்கி. நாலரை இஞ்சுச் சுவரைக் காற்று நாளில் நாலு அடிக்கு மேல் ஏற்றாதீர்கள். சாந்து இறுகாத பச்சைச் சுவர் ஆள் பக்கம் சாய்ந்தால் சாரம் எதுவானாலும் பயனில்லை. பலகையைத் தூக்கிப் போகிறவரைக் காற்று திருப்பினால் அன்றைக்கு மேல்வேலை போதும், உள்ளே கோக்காலி (ஏறி நிற்கிற உயர முக்காலி) போட்டுப் பூச்சு வேலை பார்க்கலாம்.

அப்படியானால் எப்போதும் இரும்பே எடுத்துவிடலாமே? வாடகைதான் இடிக்கிறது. இரும்புக்கு நாள் கணக்கில் வாடகை. மழைக்கு வேலை நின்றாலும் அது ஓடும். "வாடகை போய்க்கிட்டே இருக்கு அண்ணாச்சி, தூத்தல்தானே, ஏறுங்க" என்று வீட்டுக்காரர் சொல்வார், நாமும் ஏறுவோம். சொந்தச் சவுக்கு சும்மா நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. கெட்டியான இரும்புச் சாரம் இந்த ஒரு காரணத்தாலேயே ஆபத்தாகிவிடுகிறது. அதனால் ஐப்பசி வேலை பேசும்போதே, மழை நாள் வாடகை வீட்டுக்காரர் பொறுப்பு, வேலை நின்ற நாளுக்குச் சித்தாளுக்கு அரைச் சம்பளம் என்று முன்கூட்டியே பேசிவிடுகிறேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒப்புக்கொண்டவர்கள் வீட்டில் மழையில் ஏறச் சொல்லி யாரும் என்னை அவசரப்படுத்தியதில்லை.

என் கணக்கு இதுதான்: தரைத்தள வேலைக்கு, மேட்டு நிலத்தில், சவுக்கு போதும். மாடி என்றால் ஆனியிலிருந்து கார்த்திகை வரை இரும்பு. எதுவானாலும் காலையில் கலவை போடுவதற்கு முன், ஒருவர் அடியிலிருந்து முடிச்சு முடிச்சாக, கிளாம்பு கிளாம்பாகத் தட்டிப் பார்த்து ஏறுவார். சின்னப் பையனை இதற்கு அனுப்புவதில்லை. சாரம் கட்டினவரே ஏற வேண்டும். அவர் இறங்கி வந்து சரி என்று சொன்ன பிறகுதான் சித்தாள் முதல் சட்டியைத் தூக்குவார்.