உடைப்பதா, மேலேயே ஒட்டுவதா? டைல்ஸுக்கு அடியில் போகும் பணம்

டைல்ஸ் கடையில் சதுர அடி 48 ரூபாயா 52 ரூபாயா என்று ஒரு மணி நேரம் பேரம் பேசிவிட்டு வந்தேன். அந்தப் பேரத்தில் மிச்சமான காசு, பழைய தரையை என்ன செய்வது என்ற ஒரே கேள்வியில் இரண்டு நாளில் கரைந்தது. சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் அம்மா இருக்கும் வீடு ஒன்று, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அக்கா வீடு ஒன்று. இரண்டுக்கும் ஒரே வருஷத்தில் தரை மாற்ற வேண்டி வந்ததால் நாலைந்து மேஸ்திரிகளிடம் விலை கேட்டாயிற்று. அவர்கள் சொன்ன வழிகளை வரிசையாகப் போடுகிறேன். ரூபாய்க் கணக்கு எல்லாம் எனக்குச் சொன்ன விலை, உங்கள் தெருவில் முன்னே பின்னே இருக்கும். அளவுக் கணக்கு எந்த ஊரிலும் மாறாது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் குகை வீடு. முன் அறை 150 சதுர அடி, உள்ளே இரண்டு அறை சேர்ந்து 250, மொத்தம் 400. தரையில் ஏற்கெனவே பழைய செராமிக் டைல்ஸ் இருந்தது, ஓரங்களில் பெயர்ந்து நிறம் போய்விட்டது.

வந்த முதல் மேஸ்திரி அடியோடு உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கலவை போடலாம் என்றார். பிரேக்கர் மெஷின் வைத்து உடைக்கச் சதுர அடிக்கு 14 ரூபாய், அதாவது 5,600. அடுத்தது குப்பை. டைல்ஸும் அடியில் இருக்கும் கலவையுமாக இரண்டரை அங்குலம் பெயர்த்தால் 400 சதுர அடிக்கு 83 கன அடி. உடைத்தபின் அது அப்படியே உப்பி 120 கன அடி பக்கம் வரும். ஒரு டிராக்டர் டிப்பர் பிடிப்பது ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, ஆக இரண்டு நடை, 3,000 ரூபாய். குகைச் சந்துக்குள் டிராக்டர் நுழையாது, முக்கு வரைக்கும் பாண்டுச் சட்டியில் சுமக்க ஆள் வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, நானாகக் கேட்ட பிறகுதான் ‘அது தனிங்க’ என்றார். மேலே புதுக் கலவை இரண்டு அங்குலம், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல். இதற்கு நூறு சதுர அடிக்கு மூன்று மூட்டை சிமெண்ட் என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது, நமக்கு 12 மூட்டை. எம்-சாண்ட் முக்கால் யூனிட். சிமெண்ட் மூட்டை 360, மணல் யூனிட் 6,000 என்று போட்டால் 8,820. அந்தச் சுமைக்கூலி இல்லாமலே கூட்டினால் 17,420. சதுர அடிக்கு ஏறக்குறைய 44 ரூபாய், இன்னும் ஒரு டைல்ஸ்கூட வைக்கவில்லை.

(சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. எனக்குக் கொடுத்த எஸ்டிமேட்டில் பழைய விலையே இருந்தது, கேட்ட பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். நீங்களும் கேளுங்கள்.)

இரண்டாவது வழி, பழைய டைல்ஸ் மேலேயே பசை வைத்து ஒட்டுவது. ‘பசை விலை ஜாஸ்தி’ என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். 20 கிலோ பை ஒன்று எங்களுக்கு 45 சதுர அடி வந்தது, ஒன்பது பை, பை 760 வீதம் 6,840. பழைய டைல்ஸின் பளபளப்பைக் கிரைண்டரில் கீறி விட 2,000. தரை உயர்வதால் நாலு கதவுக்கு அடியைச் செதுக்க 1,600. ஆக 10,440, சதுர அடிக்கு 26. உடைப்பதோடு பார்த்தால் 18 ரூபாய் குறைவு, குப்பை இல்லை, வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை, ஒவ்வோர் அறையாகச் செய்யலாம்.

ஆனால் பசையில் ஏமாற நிறைய வழி இருக்கிறது. பையின் மேல் ஐ.எஸ். 15477 என்று டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண் போட்டிருக்கும், பக்கத்திலேயே டைப் எண்ணும் இருக்கும். டைப் 1 சாதாரண செராமிக்கை சிமெண்ட் தரையில் ஒட்டுவதற்கு. பழைய டைல்ஸ் மேல் ஒட்ட அது உதவாது, பாலிமர் கூடுதலாகக் கலந்த மேல் வகை வேண்டும். காரணம் எளிது. கண்ணாடி போல இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. சிமெண்ட் பால் உள்ளே இறங்கிப் பிடிக்க அதில் வாயே கிடையாது. அடியிலும் வழவழப்பு மேலேயும் வழவழப்பு என்றால் நடுவில் இருக்கிற பசைதான் எல்லா வேலையையும் செய்ய வேண்டும். டைப் 1 பைக்கும் மேல் வகைக்கும் விலை பாதிக்குப் பாதி வித்தியாசம் என்பதால் பில் ஒன்று, வந்து இறங்குவது ஒன்று என்று ஆக வாய்ப்பு உண்டு. இறங்கும்போது பையைப் பாருங்கள். அப்புறம், விளிம்பில் பல் வெட்டிய கரணையில் இழுத்துப் பரப்பித்தான் ஒட்ட வேண்டும். நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று உருண்டை வைத்து அமுக்குகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அப்படி வைத்தால் மூலையில் வெற்றிடம் நிற்கும், ஒரு நாள் கட்டில் காலோ கேஸ் சிலிண்டரோ அங்கே விழும்.

மூன்றாவது மேஸ்திரி வந்தார், விலையைக் கேட்டாலே சந்தோஷம் வரும். ‘உடைக்கவும் வேண்டாம், பசையும் வேண்டாம், பழைய டைல்ஸ் மேலேயே கலவை போட்டு ஒட்டிடலாமுங்க.’ சதுர அடிக்கு 22 ரூபாய்தான், மூன்றிலும் இதுதான் மலிவு. இதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு அங்குலக் கலவை ஒரு சதுர அடிக்குப் பத்து கிலோ, டைல்ஸோடு பன்னிரண்டு. 400 சதுர அடிக்கு ஐந்து டன் பக்கம். தரைத்தளத்தில் எடை பரவாயில்லை, மாடி என்றால் அந்தக் கூரையைப் போட்டவர் இந்த ஐந்து டன்னைக் கணக்கில் வைத்திருக்க மாட்டார். எடையை விடுங்கள், தரை இரண்டரை அங்குலம் உயர்ந்து நிலைப்படி மறையும், பாத்ரூம் வாட்டம் தலைகீழாகும், மாடிப்படியின் முதல் படி குட்டையாகிவிடும். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் படி உயரம் மாறுவது விளையாட்டில்லை. பசையில் இந்த உயர்வு 14 மில்லிமீட்டரோடு நிற்கிறது.

சரி, அப்போ பசைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டாவது மேஸ்திரி அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு கம்பியை எடுத்து அறை அறையாகத் தட்டிக்கொண்டே போனார். உள் அறைகளில் கணீர் என்றது. முன் அறையின் சன்னல் ஓரத்தில் மட்டும் சத்தம் மாறியது.

“இங்க அடியில என்னங்க இருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார், “அங்கதான் கண்ணு உங்கப்பாவோட தறி இருந்துச்சு.”

குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். தறியை விற்ற பிறகு குழியை என்ன வைத்து நிரப்புவார்கள்? கையில் கிடைத்ததை வைத்துத்தான். எங்கள் வீட்டில் செங்கல் துண்டு, சாம்பல், பழைய சுண்ணாம்புக் காரை. மேலே ஒரு பூச்சு, அதற்கு மேல் டைல்ஸ். இருபது வருஷத்தில் உள்ளே இருந்ததெல்லாம் படிந்து இறங்கிவிட, டைல்ஸ் மட்டும் அந்தரத்தில் நின்றது. இதன் மேல் எவ்வளவு உயர்ந்த பசை போட்டாலும் பசை பழைய டைல்ஸைத்தான் பிடிக்கும். பழைய டைல்ஸைப் பிடிக்க அடியில் ஒன்றுமில்லை.

அதனால் முன் அறையை மட்டும் உடைத்தோம். குழியைத் திரும்பத் தோண்டி, நாலடிக்கு மூன்றடி, இரண்டரை அடி ஆழம், கிராவல் மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு ஒவ்வொரு அடுக்குக்கும் திமிசு போட்டு இறுக்கினார்கள். மேலே கம்பி வலை வைத்து நாலு அங்குலக் காங்கிரீட், குழி விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் ஒரு அடி வெளியே. இதற்கு 4,200. கணக்குப் பாருங்கள்: முன் அறை 150-க்கு 44 வீதம் 6,600, உள் அறைகள் 250-க்கு 26 வீதம் 6,500, குழிக்கு 4,200, மொத்தம் 17,300. முழுக்க உடைத்திருந்தால் குழிச் செலவும் சேர்த்து 21,600 தாண்டியிருக்கும். முழுக்க ஒட்டியிருந்தால் 10,440-இல் முடிந்து, கொஞ்ச நாளில் சன்னல் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கும்.

ஏற்காடு வேறு கதை. அக்காவுக்கு மரத் தரை மாதிரி வேண்டும், காலில் குளிர் ஏறுகிறதாம். ஒரே அறை, 200 சதுர அடி, காவித் தரை, மண்ணோடு ஒட்டிய தரைத்தளம், நடுவில் கட்டை விரல் அளவுக்குப் பள்ளம். தேர்ந்தெடுத்தது எஸ்.பி.சி. பலகை. சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் கலந்து செய்வது, தண்ணீரில் ஊறாது. லேமினேட் பலகை மரத்தூள் அட்டை, மலை ஈரத்தில் விளிம்பு உப்பிவிடும், அதனால் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இந்தப் பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மிதப்பவை. அடித்தரை பத்தடிக்கு 3 முதல் 5 மில்லிமீட்டருக்குமேல் ஏறி இறங்கினால் நடக்க நடக்கப் பூட்டு உடையும். கடைக்காரர் சுலபமாகச் சொன்னார், செல்ஃப் லெவலிங் கலவை ஊற்றிவிடுங்கள், தானே மட்டமாகும். ஆகும், ஆனால் எவ்வளவு தடிமன் என்று கேட்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் ஊற்ற ஏறக்குறைய 1.7 கிலோ தேவை. நூறு சதுர அடிக்கு 3 மில்லிமீட்டர் என்றால் 25 கிலோ பை இரண்டு, அது நல்ல பேரம். அக்கா வீட்டுப் பள்ளத்துக்குச் சராசரி 8 மில்லிமீட்டர், 200 சதுர அடிக்கு 250 கிலோ, பத்துப் பை. பை 1,100, பிரைமர், காவித் தரையின் மெழுகைச் சுரண்டும் கூலி எல்லாம் சேர்ந்து சதுர அடிக்கு 65 பக்கம் போனது. பலகை விலை தனி.

அதற்கும் சம்மதித்திருப்போம். ஆனால் பழைய காவித் தரை, அடியில் பாலிதீன் இல்லை, மண்ணிலிருந்து ஓதம் நேராக ஏறும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் வைத்தோம். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும், ஒரு முழு நாள் விட்டோம். மறுநாள் உரித்தால் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. பத்து ரூபாய்ப் பாலிதீன், பதினோராயிரம் ரூபாய் கலவையைக் காப்பாற்றியது. எஸ்.பி.சி. ஊறாதுதான், ஆனால் அடியில் அடைபட்ட ஈரம் எங்கே போகும்? பூசண வாடையாகவும் சுவரோரத்தில் உப்பாகவும் வெளியே வரும்.

இந்த இடத்தில் மாமா ஒரு யோசனை சொன்னார். சேலத்து வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டைச் சுட்டு, மக்னீசியம் குளோரைடு கரைசலில் கலந்தால் இணைப்பே இல்லாத தரை போடலாமே என்று. மாமாவுக்குச் சுரங்கத்துப் பக்கம் சிநேகிதர்கள் உண்டு. விஷயம் உண்மை, 1867-இல் சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த சிமெண்ட் அது, தொழிற்சாலைத் தரைகளுக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஜென்ம எதிரியே விடாத ஈரம். நம்ம ஊர்க் கல்தான் என்றாலும் ஏற்காட்டு மலை மேலே செல்லாது.

கடைசியில் நாகலூரில் உடைக்கத்தான் வேண்டியிருந்தது. காவித் தரையைப் பெயர்த்து, மண்ணை இறுக்கி, கனமான பாலிதீன் விரித்து விளிம்பைச் சுவரோரம் மேலே மடித்துவிட்டு, நாலு அங்குலக் காங்கிரீட், மேல்பரப்பு மட்டப்பலகையில் இழுத்து அப்போதே சமம். சதுர அடிக்கு 95 ஆனது. சேலத்தில் இதே வேலை நிச்சயம் குறைவாக முடியும், இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஜல்லியும் மணலும் ஏற வேண்டும், வண்டிக்காரர் பெரிய லோடு ஏற்ற மாட்டேன் என்கிறார். 65-க்கும் 95-க்கும் 30 ரூபாய் வித்தியாசம், 200 சதுர அடிக்கு 6,000. ஓதத்தை அடியில் வைத்துக்கொண்டு அந்த 6,000-ஐ மிச்சம் பிடிப்பதில் எனக்கு இஷ்டமில்லை, அக்காவுக்கு இருந்தது, மாமா என் பக்கம்.

பணத்தைவிட இதில் பெரிய செலவு நாள்தான். காங்கிரீட் காய்வது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று தோராயமாகச் சொல்வார்கள், அதுவும் முதல் ஐம்பது மில்லிமீட்டர் வரைதான், அப்புறம் இன்னும் மெதுவு. அதற்கு மேல் மலைப் பனி வேறு. ஐப்பசி மழையில் ஆரம்பித்திருந்தால் கதை முடிந்தது, நல்ல வேளை தை மாதம் ஊற்றினோம். மே மாதக் கோடை விழாவுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்குத் தரையைக் காட்டிவிட வேண்டும் என்று அக்கா நாள் குறித்திருக்கிறார். போன வாரம் பாலிதீன் ஒட்டிப் பார்த்ததில் இன்னும் லேசாக மங்கலாக இருக்கிறது. பலகைப் பெட்டிகள் எல்லாம் சுவரோரம் பிரிக்காமல் அடுக்கியிருக்க, வெறும் காங்கிரீட்டில் பவானி ஜமக்காளம் விரித்துப் படுத்திருக்கிறார்கள், கால் குளிரவில்லையாம்.