கொடைக்கானல் குளிரில் ஒரு கைரேகைப் பூட்டு

எங்கள் பள்ளியின் கைரேகைப் பூட்டை சர்வீஸ் செய்த மெக்கானிக் வத்தலக்குண்டுக்கு இறங்கக்கூட இல்லை, பெருமாள்மலையில் பள்ளி நடத்தும் நண்பர் போன் செய்தார். "சார், உங்க ஸ்கூல்ல போட்ட கைரேகைப் பூட்டு இப்ப விலை குறைஞ்சிருக்காமே, வாங்கலாமா?"

கதவின் மேலே இருந்து, கரண்ட் இருக்கும்வரை அதை இழுத்துப் பிடித்திருக்கும் மின்காந்தத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. 600 பவுண்டு பிடிப்பு, அதாவது 270 கிலோ. கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் தானாகத் திறந்துகொள்கிறது என்று தாளாளர் குறைப்படுகிறார். எனக்கு அதுதான் அதன் முதல் நல்ல குணம். 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகும் அவசரத்தில் சாவி தேட வைக்கும் கதவு பள்ளிக்கு எதற்கு? மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி, அதிலுள்ள இரும்புத் தகடு காந்தத்தில் சரியாகப் படியாமல் பிடிப்பு தளரும். அது மரத்தின் குற்றம். ஆசாரி சீவினால் சரியாகிவிடும்.

வெளியே இருக்கிறதே கைரேகை பார்க்கும் அந்த மெஷின், அதைத்தான் சகிக்க முடியவில்லை. மேகம் இறங்கினால் கண்ணாடி வேர்க்கிறது. குளிரில் விரல் காய்ந்து வெடித்தால் ரேகை பதிவதில்லை. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்கிறது. துடைத்து வைத்தால் மறுபடியும் அதே ப்ளீஸ். இதில் கொடுமை என்னவென்றால், காலையில் முதலில் வந்து கதவைத் திறக்க வேண்டியவர் ஆயாம்மா. பூம்பாறையில் பூண்டுக் காட்டு வேலை, அப்புறம் இங்கே பாத்திரம், பினாயில். அவர் கட்டைவிரலில் ரேகை எங்கே மிச்சம்? நாற்காலியில் உட்காரும் எனக்கு ஒரே தொடலில் "தேங்க்யூ" சொல்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் குரலை அப்படியே பேசிக்காட்டுகிறார்கள், ஆயாம்மா வரும்போதெல்லாம். கடைசியில் அவருக்கு ஒரு கார்டு கொடுத்தோம். தட்டினால் திறக்கிறது. அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவர் விற்றவர்.

ஸ்டோர் ரூமில் திண்டுக்கல் பூட்டுதான் தொங்குகிறது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. இன்றுவரை யாரையும் ப்ளீஸ் என்று கெஞ்சியதில்லை.

அதனால் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றேன். சரி, அப்போ கழற்றி எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். அதற்கும் மாட்டேன் என்றேன். யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவு இல்லாமல் இனி என்னால் ஆபீஸ் நடத்த முடியாது. அப்படியும் வாங்குவதானால் கார்டு வசதியோடு வாங்குங்கள், பேட்டரியை மழைக்கு முன்பே மாற்றுங்கள், பணம் கொடுக்கும் முன் அந்தக் குரலை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.